டயர் கவர்: வருஷம் 850 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கார் இன்சூரன்சோடு சேர்த்து விற்கிற டயர் கவர் பணம் தரும். ஆனால் ஏஜென்ட் சொல்கிற அளவுக்குத் தராது, டயர் புதுசாக இருக்கிற வரைக்கும்தான் தரும், அதையும் விடாமல் கேட்டால்தான் தரும். என்னைக் கேட்டால் ஐந்துக்கு மூன்று. கன்னியக்கோயிலில் ரோட்டோரமாக ஒரு பஞ்சர் கடை இருக்கிறது, அதற்கு ஐந்துக்கு ஐந்து. அந்தக் கடை இல்லையென்றால் கவருக்கு நான் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரி முதலியார்பேட்டையில், ஒரு ஆடிட்டர் ஆபீசில். தினமும் காரில்தான் போய் வருகிறேன். ஊரார் பில்லையெல்லாம் நோண்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என் பாலிசியைப் படிக்காமல் விடுவேனா? இன்சூரன்ஸ் கம்பெனி பெயரை எழுதவில்லை. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இந்தக் கவரின் சாயல் ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்தான் ஆளுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் (அடுத்தவருக்கான சேதத்தோடு நம் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) டயர் மட்டும் போனால் ஒரு பைசா கிடையாது. அதே சம்பவத்தில் காரும் அடிபட்டிருந்தால்தான் டயருக்குக் காசு, அதுவும் மாற்றுகிற செலவில் 50 சதவீதம்தான். ‘பம்பர் டு பம்பர் எடுத்துட்டீங்கன்னா டயரும் அதுல வந்துடும் மேடம்’ என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். பம்பர் டு பம்பர் என்பது ஜீரோ டெப், அதாவது பழசானதற்குக் கழிக்காமல் பாகங்களுக்கு முழு விலை தருவது. ஆனால் பல ஜீரோ டெப் பாலிசிகளில் டயர், டியூப், பேட்டரி மூன்றும் விலக்கு. பாலிசித் தாளில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

போன வருஷம் நாலு டயரும் மாற்றினேன், அளவு 185/65 ஆர் 15. அடுத்து வந்த ரினியூவலில் இந்தக் கவரைச் சேர்த்தேன். 720 ரூபாய், மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆகமொத்தம் ஏறக்குறைய 850. இந்த வருஷமும் கட்டினேன். டயர் வெடித்தால், சைடில் புடைத்தால், வெட்டு விழுந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். வெறும் பஞ்சர் இதில் வராது. தேய்மானம் வராது. எவ்வளவு தருவார்கள் என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. பட்டன் (டயர் ரோட்டில் படுகிற பக்கத்து மேடுபள்ளம்) ஆழம் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் முழு விலை, 5 முதல் 7 வரை 75 சதவீதம், 3 முதல் 5 வரை பாதி, 3-க்குக் கீழே கையை விரித்துவிடுவார்கள். இது என் பாலிசியில் உள்ளது. உங்களுடையதில் எண்கள் மாறலாம்.

புது கார் டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும். 1.6-க்கு வந்துவிட்டால் சட்டப்படியே அது ஓட்டக்கூடாத டயர். பட்டன் இடுக்கில் குறுக்கே சின்னதாக ஒரு மேடு வைத்து அச்சடித்திருப்பார்கள், அந்த மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்தால் டயர் மொட்டை என்று அர்த்தம். ஆக 8-லிருந்து 1.6 வரைக்கும் ஓடுகிற டயருக்கு முழு விலை கிடைப்பது முதல் ஒரு மில்லிமீட்டருக்கு மட்டும். இதை எந்த ஏஜென்டும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழை, ஆபீஸ் விட்டுத் திரும்புகிற நேரம். அரியாங்குப்பம் தாண்டுகிற இடத்தில் ரோட்டோரம் தண்ணீர் நின்றது. எதிரே பஸ் ஏறி வந்ததால் இடப்பக்கம் ஒதுங்கினேன். பின் சக்கரம் மட்டும் எதிலோ ‘டங்’கென்று இறங்கி ஏறியது. தண்ணீருக்கு அடியில் என்ன இருந்ததென்று தெரியாது. கார் ஒழுங்காக ஓடியது. தவளக்குப்பம் வந்தது, கிருமாம்பாக்கம் வந்தது, ஒன்றும் தெரியவில்லை.

பின் டயரில் காற்று இறங்கினால் எல்லோருக்கும் இப்படித்தான். முன் டயர் என்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பின் டயர் சொல்லாது. வளைவில் பின்பக்கம் லேசாக ஆடும், அவ்வளவுதான். மழைச் சத்தம், வைப்பர், ஏசி, வேலை நடக்கிற ரோட்டின் குலுக்கல், இதற்கு நடுவில் அந்த ஆட்டம் எங்கே தெரியப்போகிறது? இறங்கிப் பார்த்தாலும் ரேடியல் டயர் எப்போதும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 33 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய டயரில் 25 இருந்தால் கண் கண்டுபிடிக்காது. டயர் பிரஷர் காட்டுகிற சென்சார் என் மாடலில் கிடையாது, மேல் மாடலில் உண்டாம்.

கன்னியக்கோயிலுக்குள் நுழைகிறபோது ஒரு பையன் பைக்கை ஓட்டியபடியே பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான். “அக்கா, பின்னாடி வீல்ல காத்தே இல்ல. ரிம்முல ஓடிக்கிட்டிருக்கு!” அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

ஓரங்கட்டிவிட்டு, பாலிசியோடு சேர்ந்து வருகிற ரோட்சைடு உதவிக்குப் போன் போட்டேன். இதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். “மேடம், நீங்க இருக்கறது பாண்டிச்சேரியா, தமிழ்நாடா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், இன்னும் கொஞ்சம் போனால் முள்ளோடை, அதைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பின்கோடு சொன்னேன். ஆள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் டயரைக் கட்டித் தொங்கவிட்ட கடை எரிகிற பல்போடு தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

இனி அந்தக் கடை. தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரஷர், ஒரு தண்ணீர்த் தொட்டி, டயர் கழற்றுகிற மெஷின் ஒன்று. கடைக்காரருக்கு அறுபதை ஒட்டி வயது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். நான் பழக்கத் தோஷத்தில், பஞ்சர் ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப்பைக் கேட்டேன்: “அண்ணே, ஒரு ஸ்ட்ரிப் போட்டுக் குடுத்துடுங்களேன், வீடு வரைக்கும் போயிடுறேன்.”

“எதுல போடச் சொல்றம்மா? பட்டன்ல ஆணி ஏறியிருந்தா போடலாம். இது சைடு. சைடுல போட்டா நாளைக்கு நீ எங்கியாவது பாலத்து மேல போறப்ப பிச்சுக்கும். நான் போட மாட்டேன்.”

டயரை முழுசாகக் கழற்றி, உள்பக்கத்தை விரித்து, டார்ச் அடித்துக் காட்டினார். டயருக்குள் காபித் தூள் கொட்டினதுபோல் கறுப்பாக ஒரு கைப்பிடி தூள். காற்றில்லாமல் ஓடும்போது டயரின் இரண்டு சைடும் மடங்கி உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொள்கிறதாம், அந்தத் தூள்தான் அது. வெளியே சைடைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி ஒரு தேய்மானம். “இது ஓடினதால வந்தது,” என்றார். பிறகு டயரைத் திருப்பி, கட்டை விரலால் ஒரு இடத்தை அழுத்தினார். விரல் கணு நீளத்துக்கு ஒரு வெட்டு வாய் திறந்தது. “இது இடிச்சதால வந்தது. இதுதான் முதல்ல. அதுக்கப்புறம்தான் அது.” உள்பக்கம் அந்த வெட்டு குண்டூசி முனை அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. அதனால்தான் காற்று ஒரே மூச்சில் போகாமல் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

ரிம்மை வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டு இருந்த இடத்துக்கு நேராக ரிம் உதடு உள்ளே நசுங்கியிருந்தது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் மாட்டிக்கொண்டு வெட்டுப்பட்டிருக்கிறது. ஆணி எதுவும் இருக்கிறதா என்று பட்டன் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தார். இல்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொன்னதும் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. “அப்ப இரு, தூளைக் கொட்டாத, போட்டோ எடு” என்றார். உள்பக்கம், வெளிப்பக்கம், ரிம் நசுங்கல், வெட்டையும் நசுங்கலையும் ஒன்றாகப் பொருத்தி வைத்து ஒரு படம். கடைசியாக, டயர் நம்பர். சைடில் பொறித்திருக்கிற அந்த எண்ணின் கடைசி நாலு இலக்கம் எந்த வாரம், எந்த வருஷம் செய்த டயர் என்று சொல்லும். என்னுடையது 0924, அதாவது 2024-ஆம் வருஷம் 9-ஆவது வாரம். தேதியோடு முழு நம்பர் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், என் டயரில் அது காருக்கு உள்பக்கம் பார்த்திருந்தது. சக்கரம் மாட்டியிருக்கும்போது அதைப் படம் எடுக்கவே முடியாது. க்ளெய்ம் ஃபாரத்தில் முதலில் கேட்டதே அந்த நம்பரைத்தான்.

ரிம்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். இரும்பு ரிம் என்பதால் ஆயிற்று, அலாய் என்றால் விரிசல் விட்டிருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக் காற்றும் பார்த்தார். பில் புத்தகத்தில் எழுதித் தரச் சொன்னேன். “இடது பின் டயர், சைடு வெட்டு, ஆணி இல்லை, ரிம் நசுங்கல்” என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 ரூபாய். பெரிய சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடுகிறவர்கள் இவ்வளவு தெளிவாக எழுதி நான் பார்த்ததில்லை.

மறுநாள் க்ளெய்ம் பதிந்தேன். இந்த அளவு சின்னத் தொகைக்கு சர்வேயர் நேரில் வருவதில்லை, வீடியோ காலில் பார்க்கிறார்கள். டயரை ஏதாவது ஒரு டயர் ஷோரூமுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். கம்பெனி மேல் எனக்குக் கோபமில்லை, அந்த ஷோரூமில் ஆழம் அளந்த விதத்தின் மேல்தான் கோபம்.

ஷோரூம் பையன் கேஜை எடுத்தான். சின்னப் பேனா மாதிரி இருக்கும், முனையைப் பட்டன் இடுக்கில் விட்டு அழுத்தினால் ஆழம் காட்டும். அவன் டயரின் ஓரத்து இடுக்கில் வைத்தான். 4.8. வீடியோவில் இருந்தவர் “ஓகே, ஃபோர் பாயின்ட் எய்ட்” என்று குறித்துக்கொண்டார். நான் நடுவில் புகுந்தேன்.

“தம்பி, நடுவுல வச்சு அளங்க.”

“எல்லாம் ஒண்ணுதான் மேடம்.”

“ஒண்ணுன்னா நடுவுல வைக்கறதுல என்ன கஷ்டம்?”

நடுவில் 5.6. சுற்றி இன்னும் இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னேன், அங்கேயும் அதையேதான் காட்டியது. காற்றுக் குறைந்த டயர் ஓரங்களில்தான் நிற்கும், ஓரங்களில்தான் தேயும். காற்றில்லாமல் ஓடிய டயரின் ஓரத்தில் அளப்பது என்றால் அந்த ஒரு ராத்திரியின் தேய்மானத்தை ஒன்றே கால் வருஷத் தேய்மானமாகக் கணக்கு எழுதுவது. பக்கத்தில் நின்ற என் காரில் வலது பின் டயரையும் அளக்கச் சொன்னேன். அதில் ஓரம், நடு இரண்டுமே ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வீடியோக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு நடு அளவை எழுதிக்கொண்டார். 5-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பாதி விலையா, முக்கால் விலையா என்று மாறிவிடுகிறது. கேஜ் வைக்கிற இடத்தில் எனக்கு 1,300 ரூபாய்க்கு மேல் இருந்தது.

பிறகு ஒரு மின்னஞ்சல். காற்றில்லாத டயரைத் தொடர்ந்து ஓட்டியதால் ஏற்பட்ட சேதம் கவரில் வராது, ஆகவே க்ளெய்மை ஏற்க இயலவில்லை என்று. அந்த விலக்கு பாலிசியில் உண்மையிலேயே இருக்கிறது. ஆணி ஏறி, பஞ்சராகி, அதோடு ஓட்டிப்போய் டயர் கிழிந்திருந்தால் அவர்கள் சொல்வது சரி. பஞ்சர் கவரில் கிடையாது, அதன் பின்விளைவும் கிடையாது. ஆனால் என் டயரில் முதலில் நடந்தது வெட்டு. வெட்டு கவரில் உண்டு. வெட்டுப்பட்ட அந்த நொடியே அந்த டயர் மாற்றவேண்டிய டயர்தான், அங்கேயே நிறுத்தியிருந்தாலும் சைடு வெட்டை யாரும் ஒட்டித்தர முடியாது. அதற்கப்புறம் ஓடியதால் செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

இதையே ஆறேழு வரியில் எழுதி, வெட்டும் ரிம் நசுங்கலும் பொருந்துகிற படத்தையும், “ஆணி இல்லை” என்ற 200 ரூபாய் பில்லையும் இணைத்து அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினேன். குறைகூறுகிற தொனியே வேண்டாம், எது முதலில், எது பிறகு என்று மட்டும் எழுதினால் போதும். சில நாளில் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் மறுத்திருந்தாலோ ஒரு மாதம் பதிலே தராமல் இருந்தாலோ அடுத்து இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கிறவர்) போயிருப்பேன். கடலூருக்கும் சரி, புதுச்சேரி, காரைக்காலுக்கும் சரி, சென்னை ஆபீஸ்தான். மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கைக்கு வந்தது எவ்வளவு? புது டயர் 4,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 810, ஆக 5,310. (2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் டயருக்கு 28 சதவீதம் இருந்தது, அந்த வகையில் நேரம் நல்ல நேரம்.) அதில் 75 சதவீதம் 3,982 ரூபாய் 50 காசு. எந்த க்ளெய்மிலும் கம்பெனி தராமல் நிறுத்திக்கொள்கிற கட்டாயப் பிடித்தம் 1,000 போக 2,982 ரூபாய் 50 காசு. வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் என் செலவு. ஒரே அச்சில் ஒன்று புதுசும் ஒன்று பழசுமாக ஓட்ட எனக்கு மனசில்லை, அதனால் வலது பின் டயரையும் மாற்றி, பழசை ஸ்டெப்னியாக்கினேன். அதுவும் என் செலவுதான். இரண்டு வருஷமாகக் கட்டிய 1,700-ஐக் கழித்தால் லாபம் ஆயிரத்துச் சொச்சம்.

இன்னொன்றைக் கேட்காமல் க்ளெய்ம் போடவே போடாதீர்கள்: என்சிபி, அதாவது க்ளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி. நாலு வருஷம் க்ளெய்ம் இல்லாததால் எனக்கு 45 சதவீதத் தள்ளுபடி ஓடுகிறது. ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 8,000 என்றால் தள்ளுபடி மட்டும் 3,600. டயருக்கு 2,982 வாங்கிக்கொண்டு 3,600-ஐ விடுவது எந்த ஊர்க் கணக்கு? டயர் கவரில் மட்டும் க்ளெய்ம் செய்தால் என்சிபி குறையாது என்று என் பாலிசியில் எழுதியிருந்தது. எல்லாக் கம்பெனியிலும் அப்படி இல்லை. வாயால் சொல்வதை நம்பாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்தக் கவர்? டயர் மாற்றிய முதல் வருஷம், வேலை நடக்கிற ரோட்டில் தினமும் ஓடுகிறவர்கள் எடுக்கலாம். 16, 17 இஞ்ச் சக்கரம், சைடு உயரம் குறைந்த டயர், அலாய் ரிம் என்றால் கட்டாயம் எடுக்கலாம், அந்த டயர்கள் பள்ளத்தில் சீக்கிரம் அடிபடும், விலையும் அதிகம். பட்டன் 5-க்குக் கீழே போய்விட்டால் விட்டுவிடுங்கள். பாதி விலையில் பிடித்தமும் போக, எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது 1,655 ரூபாய்தான். அதற்கு இத்தனை படமும் கடிதமும் தேவையில்லை. அந்த 850-க்குக் காற்று அளக்கிற டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கலாம். நான் வாங்கிவிட்டேன். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி, ஆனால் முள்ளோடைப் பக்கம் விலை குறைவென்று பெட்ரோல் போட வரிசையில் நிற்கிறவர்களில் காற்றுப் பார்க்க இறங்குகிறவர்கள் கொஞ்சம்பேர்தான்.

பஞ்சர் கடைக்குப் போகிறவர்களுக்கு: கடலூரிலிருந்து வந்தால் கன்னியக்கோயிலில் வலது கைப் பக்கம், போர்டு கிடையாது, டயர் தொங்குவதுதான் அடையாளம். ராத்திரி ஒன்பதரை வரை ஆள் இருக்கிறார். ஜிபே வாங்குகிறார். பில் கேட்டால்தான் எழுதுவார், கேளுங்கள்.